என் தூணியில் அவன் அம்புகள்

என் வலது இடுப்பில் தொங்கிய தூணியில் எப்போதும் இருபது அம்புகள் இருக்கும். அவற்றில் 'யார்ஸு' என்று என் பெயர் எழுதிய பதினைந்துதான் என்னுடையவை. மீதி ஐந்தின் தண்டில், இறகுக்குச் சற்றுக் கீழே, 'மிங்காது' என்று எழுதியிருக்கும்.

அம்பில் பெயர் எழுதாமல் எங்கள் கோட்டையில் யாரும் வேட்டைக்குப் போவதில்லை. இலையுதிர்காலப் பெருவேட்டையில் நூற்றைம்பது குதிரைக்காரர்கள் வளையமாக நின்று காட்டை நெருக்குவோம். ஒரே மானை நாலு பேர் குறிவைப்பார்கள். மான் விழுந்ததும் அதன் உடம்பில் தைத்திருக்கும் அம்பை உருவிப் பெயரை உரக்கப் படிப்பார்கள். யார் பெயரோ அவர் மான். மானை வைத்துத்தான் மதிப்பு, மதிப்பை வைத்துத்தான் பதவி.

தூணி என்றால் ஒரு முழ ஆழம்கூட இல்லாத தோல் பைதான். உள்ளே தடித்த கம்பளியை மடித்து மடித்து வைத்திருக்கும். அம்பு முனைகளை அந்த மடிப்புகளுக்கு நடுவே செருகிவிட்டால் குதிரை எவ்வளவு குலுங்கினாலும் சலசலப்பு வராது. இறகுகள் மட்டும் பின்னால் விசிறிபோல விரிந்து நிற்கும். என் அம்புகளுக்குக் காட்டு வாத்தின் இறகு. அவன் அம்புகளுக்குக் கழுகின் இறகு. தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரிந்துவிடும் என்பதால் அவனுடையவற்றைக் கடைசி மடிப்பில் செருகி, மழைக்குப் போடும் தோல் உறையை அந்தப் பாதிக்கு மட்டும் இழுத்துக் கட்டிவைப்பேன்.

வளையத்தில் எனக்கு இடப்பக்கம் நிற்கும் ஹைதா விடமாட்டான். "வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. உன் தூணிக்கு மட்டும் எதுக்குடா போர்வை? புள்ளத்தாச்சியா அது?"

"ஆமாடா. பொறந்தா உன் பேரைத்தான் வைக்கப்போறேன்."

"வேணாம்டா. உன் மூஞ்சியும் என் பேரும் சேர்ந்தா அந்தப் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். என் வலப்பக்கம் நிற்கும் மிங்காதுவும் சிரிப்பான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான்.

அவன் கோட்டைத் துணைத்தளபதியின் ஒரே மகன். அவன் பிறந்த அன்றே அவனைப் பெற்றவள் இறந்துபோனாள். அப்போது எனக்கு ஆறு மாதம். என் அம்மாவுக்குப் பால் நிறைய இருக்கிறது என்று யாரோ சொல்ல, துணைத்தளபதி வீட்டிலிருந்து வண்டி வந்தது. அம்மா அதில் ஏறிப் போனாள். என்னை அத்தை தினைக்கஞ்சி ஊற்றி வளர்த்தாள். பால் மறந்த பிறகும் அந்த வீட்டில் அம்மாவை விடவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் என்றால் நான் அவர்கள் வீட்டுப் பின்வாசலுக்குப் போவேன். மிங்காது உள்ளேயிருந்து ஓடிவந்து "அம்மா, அண்ணன் வந்திருக்கு!" என்று கத்துவான். அவனும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

கெட்ட பிள்ளை என்று அவனைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நா எழவில்லை. எனக்குக் காதில் புண் வந்த ஒரு பனிக்காலத்தில் அவன் தன் அப்பாவின் நரித்தோல் தொப்பியைத் திருடிக்கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தான். அதற்காகப் பிரம்படி வாங்கினான். யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டதற்கு ஆற்றில் விழுந்துவிட்டது என்றே கடைசிவரை சாதித்தான்.

அவன் பிரச்சினை கண்ணில் இருந்தது. நட்டுவைத்த இலக்கை நன்றாக அடிப்பான். ஓடும் உயிரை அவனால் அடிக்க முடியாது. பதினேழு வயதில் முதல் பெருவேட்டைக்கு வந்து மூன்று மான்களைத் தவறவிட்டான். மூன்றாவது தப்பியபோது அவன் அப்பா அவன் குதிரையின் கடிவாளத்தை வாங்கிக்கொண்டார். இறைச்சி வண்டிக்குப் பின்னால், ஊர் பார்க்க, இரண்டு நாள் வழியை அவன் நடந்தே வந்தான்.

மறுநாள் நான் அம்மாவைப் பார்க்கப் போனபோது அவன் அடுப்படியில் உட்கார்ந்து கொப்புளம் வெடித்த கால்களை வெந்நீரில் வைத்திருந்தான். அம்மா பக்கத்தில் தினைமாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, நின்னா அடிச்சுடுறேன். ஓட ஆரம்பிச்சா கண்ணு தானா மூடிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"தெறந்து வச்சுக்கோ."

"கிண்டல் பண்ணாதே. அடுத்த வருஷமும் இப்படின்னா பொம்பளை உடுப்பைப் போட்டுக்கிட்டு அடுப்படியிலயே இருன்னு அப்பா சொல்லிட்டாரு."

"இருந்துட்டுப் போயேன். எனக்கு மாவு பிசைய ஆள் வேணும்" என்றாள் அம்மா. அவன் சிரிக்கவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"என் அம்பை நீ விடேன், அண்ணே."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டேன். "வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் தோலையும் உரிச்சுடுவாங்க."

அம்மா மாவுக் கையோடு என் முழங்கையைப் பிடித்தாள். "யாருடா சொல்லப்போறா? நீ சொல்வியா? அவன் சொல்வானா? இல்ல நான் சொல்வேனா? உன் தம்பிக்குத்தானே செய்யறே. அவன் காலைப் பாரு."

பார்த்தேன். அடுத்த இலையுதிர்காலத்திலிருந்து ஐந்து அம்புகள் என் தூணிக்கு மாறின.

செய்யும் விதம் எளிது. மான் எங்கள் வரிசையைத் தாண்டி வெளியே பாயும்போது அவன் முதலில் விடுவான். அது எங்கேயோ போகும். அடுத்த நொடியே நான் விடுவேன். உறைக்கு அடியில் கைவிட்டு, பார்க்காமல், விரல்நுனியால் தேடி எடுக்க வேண்டும். அவன் அம்புகளில், நாண் பொருந்தும் முனையில், மீன்தோல் சுற்றியிருக்கும். அந்தச் சொரசொரப்பு போதும். மான் விழும். "மிங்காது!" என்று யாராவது படிப்பார்கள். அவன் தவறவிட்ட அம்பைப் பிறகு நான் போய்ப் புதரிலிருந்து பொறுக்கிக்கொண்டு வருவேன். வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வருமே என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் என் பெயரில் வீழ்த்துவேன்.

இப்படி ஆறு ஆண்டுகள். இருபத்துமூன்று மான்கள், இரண்டு காட்டுப்பன்றிகள், ஒரு கரடி. அவன் அப்பா மகன் தோளில் கைபோட்டு நடக்க ஆரம்பித்தார். நான் பதவி இல்லாத உபரி ஆளாகவே இருந்தேன். "நான் குழுத்தலைவன் ஆனதும் முதல் கவச வீரன் இடம் உனக்குத்தான், அண்ணே" என்பான் அவன். நம்பினேன்.

விருந்துகளில் அவன் வேட்டைக் கதை சொல்வான். நன்றாகச் சொல்வான். மான் எப்படித் திரும்பியது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, நாண் இழுக்க விரலில் போடும் கொம்பு வளையம் எப்படி வழுக்கியது என்று எல்லாம் வரும். அந்த வளையம் வழுக்கியது என் விரலில். முதல் இரண்டு ஆண்டுகள் கதையின் நடுவே என்னைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கண்ணடிப்பான். நாலாவது ஆண்டிலிருந்து கண்ணடிப்பது நின்றுபோயிற்று. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஏற்பாட்டின் ஏழாவது வேட்டைக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மிங்காதுவுக்குக் குழுத்தலைவர் பதவி கொடுப்பது பற்றிப் பேச்சு இருந்தது. முதல் நாள் காலையிலேயே நான் ஒரு பெண்மானை அவன் பெயரில் வீழ்த்தினேன். அதிகாரி முன்னால் அந்த அம்பை உருவி, துடைத்து, அவன் அப்பாவே அவன் கையில் கொடுத்தார். ஆக என் உறைக்குள் நாலு மிச்சம்.

மதியத்துக்கு முன் வளையம் மூடியது. மூடிய பிறகு உள்பக்கமாக யாரும் அம்பு விடக்கூடாது. எதிரே நம் ஆட்கள் நிற்பார்கள், நடுவே புதர் தட்டுகிறவர்கள் வருவார்கள். விலங்கு நம்மைக் கடந்து வெளியே ஓடும்போதுதான் விட வேண்டும். குதிரை ஏறக் கற்பதற்கு முன்பே எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் விதி அது.

பெரிய கலைமான் ஒன்று புதரிலிருந்து தலையை நீட்டியது. கொம்பு மட்டும் ஒரு ஆள் அகலம். எங்களை நோக்கித்தான் வந்தது. இன்னும் நாற்பது அடி வந்திருந்தால் கடந்திருக்கும். நான் உறைக்கடியில் கைவிட்டுத் தயாராக இருந்தேன். வலப்பக்கம் நாண் ஒலித்தது.

அவன் காத்திருக்கவில்லை. ஆறு ஆண்டுகள் தன் வாயால் சொன்ன கதையை அவனே நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன். அம்பு மானின் முதுகுக்கு மேலே போய்ப் புதருக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மான் சத்தம் இல்லை.

ஒங்கோ. எங்கள் குழுவின் சேணம் தைக்கிறவர், அன்று புதர் தட்டப் போயிருந்தார். திக்கித் திக்கிப் பேசுவார், அதனால் பாட்டாகப் பாடிக் காரியம் கேட்பார். அம்பு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியிருந்தது. நான் குதிரையிலிருந்து குதித்து ஓடி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்தைத் தாண்டவில்லை.

எல்லாரும் சூழ்ந்துவிட்டார்கள். துணைத்தளபதி தன் கையாலேயே அம்பை உருவினார். பெயரைப் படிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"மிங்காது."

நான் அவனைப் பார்த்தேன். தவறுதலாகப் பட்டது, பதவி போகும், கசையடி கிடைக்கும், செத்தவர் குடும்பத்தின் காலில் விழ வேண்டியிருக்கும். கூட நானும் நிற்பேன் என்றுதான் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. சத்தியமாக அதுதான் ஓடியது.

"என் அம்புதான், அப்பா" என்றான். "ஆனா நான் விடலை."

"பின்ன யாரு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தான். நடந்து வந்தான். உறையின் முடிச்சை அவிழ்த்தான். எந்த முனையை இழுத்தால் அது அவிழும் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும். உறை விழுந்தது. நாலு கழுகு இறகுகள் வெயிலில் நின்றன.

"ரெண்டு வருஷமா என் அம்பு ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு" என்றான். குரல் நடுங்கியது. நடுங்கியதால் இன்னும் உண்மையாகக் கேட்டது. "இவனையா சந்தேகப்படுவேன்? ஒரே மடியில வளர்ந்தவன்."

நான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. செத்தவனின் இரத்தம் கையில் காயாமல் சிரிக்கிறான் பார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். விசாரணையில் அதையும் சொன்னார்கள்.

ஹைதா இருபதடி தூரத்தில் நின்றவன். அவனைத் திரும்பிப் பார்த்தேன். "ஹைதா, நீ பாத்தேல்ல?"

அவன் குதிரையின் பிடரியை நீவிக்கொண்டிருந்தான். "நான் மானைத்தான்டா பாத்துட்டிருந்தேன்" என்றான்.

அன்று மாலையே முகாமில் விசாரணை. மேலிடத்து அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஆறு வருஷமா?"

"ஆமாங்கய்யா."

"எத்தனை வீழ்த்தினே?"

சொன்னேன். கரடி என்றதும் கூட்டம் சிரித்தது. அந்தக் கரடிக் கதையை மிங்காது வாயால் கேட்காதவர்கள் கோட்டையில் இல்லை.

"ஐயா, காலையில விழுந்த பெண்மான் மேல இருந்ததும் நான் விட்டதுதாங்க. அஞ்சுல அது ஒண்ணு. மீதி நாலு இங்க இருக்கு."

"இல்லங்கய்யா. அஞ்சு திருடினான். ஒண்ணு ஒங்கோ மேல, நாலு தூணியில" என்றான் மிங்காது. கணக்கு அவன் பக்கமும் சரியாகத்தான் வந்தது.

அப்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. "ஐயா, ஓடுற மான் ஒண்ணை அவர் அடிச்சுக் காட்டட்டும். ஒண்ணே ஒண்ணு. நாளைக்கே. அடிச்சுட்டார்னா என் தலையை எடுத்துக்குங்க."

சிரிப்பு அடங்கியது. அதிகாரி மிங்காதுவின் பக்கம் திரும்பினார். அவன் முகம் வெளுத்தது. அதன் பொருள் புரிந்தது அவன் அப்பாவுக்கு மட்டும்தான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், மகனை ஒருமுறை பார்த்தார். ஆறு ஆண்டுகளும் அந்த இரண்டு பார்வைக்குள் அவருக்கு விளங்கிவிட்டன.

"செத்தவன் உடம்பு இன்னும் மண்ணுக்குப் போகலை" என்றார் உரக்க. "அதுக்குள்ள பந்தயம் கட்டச் சொல்றானா இவன்?"

கூட்டம் ஆமாம் என்றது. அதிகாரியும் தலையசைத்தார். "உனக்குச் சாட்சி யாராவது உண்டா?"

"எங்கம்மா இருக்காங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

கோட்டைக்கு ஆள் போயிற்று. மூன்று நாள் என்னை இறைச்சி வண்டியின் சக்கரத்தோடு கட்டிவைத்திருந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. ஒங்கோவை நினைத்து அழுதேன். மிங்காதுவுக்கு என்ன தண்டனை வருமோ என்றுகூட ஒருமுறை நினைத்தேன். அம்மா வந்துவிட்டால் தீர்ந்தது என்றிருந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா வந்தாள். புதிதாக ஒரு கம்பளிச் சால்வை போட்டிருந்தாள். அதிகாரி முன்னால் முழங்காலிட்டாள்.

"உன் மகன் சொல்றது உண்மையா? உனக்குத் தெரிஞ்சுதான் நடந்ததா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "அம்மா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சின்ன வயசுலேர்ந்தே இவனுக்கு ஒரு ஏக்கம் உண்டுங்க. சின்னவர்கிட்ட இருக்கறதெல்லாம் தனக்கும் வேணும்பான். ஒரு தடவை பெரியவரோட நரித்தோல் தொப்பியைக்கூட எடுத்துட்டுப் போயிட்டான். சின்னவர்தான் அடி வாங்கினாரு."

மிங்காது தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அந்தக் கதை முழுதும் தெரியும். என் காதுப் புண்ணுக்கு மருந்து போட்டவளே அவள்தான்.

நூறு கசையடி, பிறகு வடக்கே கருப்பாற்றங்கரைக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தல். தலை போகவில்லையே என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள்.

அடி வாங்கிய மறுநாள் காலையில் அம்மா வண்டிச் சக்கரத்துக்கு வந்தாள். துணியில் சுற்றித் தினை அடை கொண்டுவந்திருந்தாள். நான் குப்புறக் கிடந்தேன். அவள் பிட்டு என் வாயருகே நீட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆத்துத் துறையிலயே பெரியவர் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு" என்றாள். "எல்லாம் சொன்னாரு. உள்ளதைச் சொன்னா ரெண்டு பேருக்குமே தலை போயிடும், மேலதிகாரியை ஏமாத்தின குத்தம்னாரு. நான் மாத்திச் சொன்னா உன் உயிரைக் காப்பாத்தித் தர்றேன்னு சத்தியம் பண்ணினாரு. காப்பாத்திட்டாருல்ல?"

"அவன் உயிருக்கு என்ன பேசினீங்க?"

"என்னடா?"

"என் உயிருக்கு நூறு அடியும் நாடுகடத்தலும். அவன் உயிருக்கு?"

அவள் அடையை இன்னொரு துண்டு பிட்டாள்.

"அவர் அப்படி ஒரு சத்தியமே பண்ணலைன்னு வச்சுக்கோங்க. அப்ப என்ன சொல்லியிருப்பீங்க?"

அடைத் துண்டு அவள் விரல்களுக்கு நடுவே உதிர்ந்துகொண்டிருந்தது. "அவனுக்கு நான் ஒருத்திதான்டா இருக்கேன்" என்றாள் கடைசியில்.

"எனக்கு?"

அவள் துணியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். காவலாள் வந்து அடையை எடுத்துத் தின்றான். நான் தடுக்கவில்லை.

கருப்பாற்றங்கரையில் அரசுக்குத் தோலைத் திறையாகக் கட்டும் சோலோன் இன வேட்டைக்காரர்களுக்கு எடுபிடியாக என்னைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாராவது அன்பாகப் பேசினால் எழுந்து போய்விடுவேன். பிறகு அவர்களோடு காட்டுக்குள் போக ஆரம்பித்தேன். இடுப்புத் தூணி அந்தக் காட்டுக்குச் சரிப்படாது. கிளைகள் இறகைப் பிடித்து இழுத்துவிடும். பிர்ச் மரப்பட்டைக் குழாயில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும், கைக்கு உடனே வேண்டியதை இடுப்புக் கச்சையில் பின்னால் செருகிக்கொள்ள வேண்டும். இதைக் காட்டிக்கொடுத்தவள் ஆன்கா என்ற விதவை. மூன்றாம் ஆண்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அவளிடம் என் கதையைச் சொல்ல இன்னும் ஓராண்டு பிடித்தது. கேட்டு முடித்துவிட்டு, "அந்த அஞ்சு அம்பையும் அவன் மூஞ்சியிலயே வீசியிருக்கணும்யா நீ, முத நாளே" என்றாள்.

ஒன்பதாம் ஆண்டு, பனி உருகியதும் தோல் வாங்க வந்த படகில் ஹைதா வந்தான். கன்னம் ஒட்டி, முன்பல் இரண்டு போயிருந்தது. என்னைக் கண்டதும் கண்கலங்கினான். ஆன்கா மான் இறைச்சி வேகவைத்துப் போட்டாள். பாதி தின்றபின் அவனாகவே பேசினான்.

"நீ போன அடுத்த வேட்டையில அவன் பேருல ஒரு மானும் விழலை. அதுக்கடுத்த வருஷமும் விழலை. மூணாம் வருஷம் வயித்து வலின்னு முகாம்லயே படுத்துக்கிட்டான். எல்லாருக்கும் தெரியும், யார்ஸு. மொத்தக் கோட்டைக்கும் தெரியும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சு… என்ன பண்றது? அவன் அப்பவே குழுத்தலைவன் ஆயிட்டான். தீர்ப்பு தப்புன்னு சொன்னா மேலதிகாரியைச் சொன்ன மாதிரி ஆயிடும். யாரு சொல்றது?"

"உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்." அவன் எலும்பைக் கீழே வைத்தான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கடா."

கோபத்தில் எழுந்து அவனை அடிப்பேன் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறைச்சி போடச் சொன்னேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

அவன் வந்த காரியம் பிறகுதான் வெளிவந்தது. துணைத்தளபதி இறந்துவிட்டார். மிங்காதுவுக்கு அடுத்த பதவி வரும் நேரம். மேலே சொல்லி என் தண்டனையை ரத்து செய்ய அவனால் முடியுமாம். கவச வீரன் இடமும் தருகிறானாம்.

"பதிலுக்கு?"

ஹைதா கையை மார்பில் துடைத்துக்கொண்டான். "வர்ற இலையுதிர்காலம் பெரிய வேட்டை. அவன் பக்கத்துல நீ நின்னா…"

ஆன்கா அடுப்படியிலிருந்து உரக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவன் என்னை நினைத்திருக்கிறான். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பானோ, என் பெயரைச் சொல்ல முடியாமல் தவித்திருப்பானோ என்றெல்லாம் நான் கற்பனை செய்ததுண்டு. அவனுக்கு வேண்டியிருந்தது என் கை மட்டும்தான்.

"அவன் மன்னிப்புக் கேட்டானா?"

"உனக்கு நல்லது பண்ணணும்னு சொன்னான்."

"மன்னிப்புக் கேட்டானாடா?"

"இல்ல."

பிறகு ஹைதா சொன்னான்: "உங்கம்மா உன்னை வரச்சொன்னாங்க. பழசெல்லாம் மறந்துட்டு வந்துடச் சொன்னாங்க. கண்ணு சரியாத் தெரியலை அவங்களுக்கு. வந்தா பாக்கலாம்டா."

அந்த இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? பின்வாசலில் நின்று கூப்பிட வேண்டும், மாவுக் கையோடு அவள் வெளியே வர வேண்டும் என்று இருந்தது. ஆனால் இந்த அழைப்பையும் மிங்காதுதான் அவள் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறானோ என்ற எண்ணமும் கூடவே வந்தது. பெற்றவள் கூப்பிடுவதில்கூட யார் குரல் இருக்கிறது என்று சோதிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

காலையில் படகுத்துறையில் ஹைதாவிடம் வரவில்லை என்றேன்.

"என்ன காரணம்னு சொல்லட்டும்?"

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. ஒங்கோ குடும்பத்துகிட்ட மட்டும் நடந்ததைச் சொல்லு. இவ்வளவு நாள் சொல்லியிருக்க மாட்டே."

அவன் வேறு பக்கம் பார்த்தான். "சொல்றேன்" என்றான். சொன்னானா என்று எனக்குத் தெரியாது. "அம்மாகிட்ட?"

நல்லா இருக்கேன்னு சொல்லு என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வரவில்லை. "பல்லு எல்லாம் இருக்கா அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கு."

"சரி" என்றேன். படகு போய்விட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து, தோல் படகில் வந்த வேறொருவன் மூலம் அவள் இறந்த செய்தி கிடைத்தது. மிங்காது தன் சொந்தத் தாய்க்குச் செய்வதுபோல எல்லாம் செய்தானாம். கோட்டையே புகழ்ந்ததாம். எங்கள் ஆண்கள் நெற்றியை மழித்துப் பின்னால் ஒற்றைப் பின்னல் விடுவார்கள்; துக்கத்துக்காக நான் அந்தப் பின்னலின் நுனியை வெட்டினேன். எங்கள் வழக்கப்படி நூறு நாள் நெற்றியை மழிக்கவில்லை. முடி முள்முள்ளாக வளர்ந்து கண்ணில் விழுந்தது.

ஆன்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தோல் பதப்படுத்திக்கொண்டே கேட்டாள். "உன்னை வித்துட்டுப் போனவளுக்கா இந்தத் துக்கம்?"

"வேற யாருக்கு நான் காப்பேன்?"

"அவளை மன்னிச்சுட்டியா?"

"இல்ல."

அவள் தோலைத் திருப்பிப் போட்டாள். நான் வேலைக்குப் போய்விட்டேன். நூறு நாள் முடிந்ததும் அவளே கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, ஆற்றங்கரையில் என்னை உட்காரவைத்து நெற்றியை மழித்துவிட்டாள். அப்போது தண்ணீர் வெகு குளிராக இருந்தது. அதனால்தான் கண்ணில் நீர் வருகிறது என்றேன். அவள் ஆமாம் என்றாள்.